கல்லுக்குப் பேர் வைக்கிற உரிமை

முதல்ல ஒரு சின்ன வேலை. லேப்டாப்பில் கால்குலேட்டரைத் திறந்து புரோகிராமர் மோடுக்குப் போங்க. 46610 என்று அடிச்சு ஹெக்ஸாடெசிமலுக்கு மாத்துங்க. டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் பேப்பரை ஒழுங்கா எழுதினவங்க கையாலேயே போட்டுப் பார்க்கலாம். விடை: பி612.

‘குட்டி இளவரசன்’ படிச்சவங்களுக்கு இந்நேரம் பொறி தட்டியிருக்கும். பிரெஞ்சு எழுத்தாளர் செந்த்-எக்சுபெரி 1943-ல் வெளியிட்ட அந்தக் கதையில், குட்டி இளவரசன் வசிக்கிற சிறுகோளின் பெயர்தான் பி612. சரியா 50 வருஷம் கழிச்சு, 1993-ல், ஜப்பானில் ஒரு நிஜமான சிறுகோளைக் கண்டுபிடிச்சாங்க. பின்னாடி அதுக்குக் கிடைச்ச வரிசை எண் 46610. அந்த எண்ணுக்குள்ள ஒளிஞ்சிருந்த பி612 யாரோ ஒருத்தர் கண்ணுல பட்டுடுச்சு. பிரெஞ்சுக்காரர்கள் ‘பி-ஆறு-பன்னிரண்டு’ என்று எப்படி உச்சரிப்பாங்களோ, அதையே அந்தக் கல்லுக்குப் பெயரா வெச்சுட்டாங்க.

இதோட விட்டாங்களா? 13579 என்ற எண்ணுள்ள சிறுகோளுக்கு ‘ஆல்ஆட்’, 24680-க்கு ‘ஆல்ஈவன்’. 9007-க்கு ஜேம்ஸ் பாண்ட். 4147-லிருந்து 4150 வரை வரிசையா லெனன், மெக்கார்ட்னி, ஹாரிசன், ஸ்டார், அதாவது பீட்டில்ஸ் இசைக்குழுவின் நாலு பேர். 9000-க்கு ஒரு சயின்ஸ் ஃபிக்‌ஷன் படத்தில் வர்ற கம்ப்யூட்டரின் பெயர், ‘ஹால்’.

படிக்க ஜாலியாத்தான் இருக்கு. ஆனா இன்னொரு தடவை பாருங்க. இது எல்லாம் யாரோட கதை, யாரோட பாட்டு, யாரோட சினிமா? பேர் வைக்கிற இடத்துல யார் உட்கார்ந்திருக்காங்களோ, அவங்க வீட்டுக் கதைதான் வானத்துக்குப் போகுது. அதுக்காக நாம கோபப்பட ஒண்ணுமில்ல, அந்த இடத்துல போய் உட்காரணும் என்பதுதான் என் கட்சி.

ரெஜிஸ்டர் நம்பர் வந்த பிறகுதான் பேர்

உங்க ரெஜிஸ்டர் நம்பரைப் பார்த்தா காலேஜ் கோடு, சேர்ந்த வருஷம், டிபார்ட்மென்ட், வரிசை எண் எல்லாம் தெரியும் இல்லையா? சிறுகோளுக்கும் முதலில் அப்படி ஒரு தற்காலிக அடையாளம்தான் கிடைக்கும். உதாரணம்: 2004 எம்என்4.

2004 கண்டுபிடிச்ச வருஷம். ஒரு வருஷத்தை 24 அரை மாதங்களாப் பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு எழுத்து கொடுப்பாங்க. ‘ஐ’ எழுத்து ஒண்ணு மாதிரியே இருக்கிறதால அதை விட்டுடுவாங்க. ‘எம்’ என்றால் ஜூன் மாதத்தின் ரெண்டாம் பாதி. அடுத்த எழுத்து, அந்த அரை மாதத்தில் இது எத்தனையாவது என்பதைச் சொல்லும். 25 எழுத்தும் தீர்ந்துட்டா மறுபடி முதல்ல இருந்து தொடங்கி, முடிஞ்ச சுற்றுகளின் எண்ணிக்கையைப் பின்னால் போடுவாங்க. ‘என்’ 13-வது எழுத்து, 4 சுற்று முடிஞ்சிருக்கு. ஆக 4 × 25 + 13 = 113. அந்த அரை மாதத்தின் 113-வது ஆள்.

அப்புறம் பல வருஷம் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்து, சுற்றுப்பாதை சந்தேகமில்லாம உறுதியான பிறகு நிரந்தர எண் கிடைக்கும். 2004 எம்என்4-க்குக் கிடைச்சது 99942. இந்த வேலைகளை எல்லாம் செய்றது அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இருக்கிற மைனர் பிளானெட் சென்டர். எண் வந்த பிறகுதான் பேர். பேரை முன்மொழியிற உரிமை கண்டுபிடிச்சவங்களுக்கு, அதுவும் 10 வருஷத்துக்கு மட்டும். சர்வதேச வானியல் ஒன்றியத்தின் ஒரு குழு அதைப் பரிசீலிச்சு ஏத்துக்கணும்.

99942-க்கு வெச்ச பேர் அபோஃபிஸ். எகிப்தியப் புராணத்தில் சூரியக் கடவுளை எதிர்க்கிற பாம்பு. கண்டுபிடிச்சவங்களில் ரெண்டு பேர் ‘ஸ்டார்கேட்’ டிவி சீரியலின் ரசிகர்கள், அதில் வர்ற வில்லன் பேரும் அபோஃபிஸ்தான். 2029 ஏப்ரல் 13 அன்னைக்கு இந்த அபோஃபிஸ் பூமியின் தரையிலிருந்து ஏறக்குறைய 32,000 கிலோமீட்டர் தூரத்தில் கடந்து போகும். நம்ம டிவி சேட்டிலைட்டுகள் சுத்துற உயரத்தைவிடக் கம்மி. மோதாது, பயப்பட வேண்டாம். ஆனா அன்னைக்கு உலகத்தின் எல்லா மொழிச் செய்திகளிலும் அந்தப் பேர்தான் ஓடும்.

இதுவரை எண் பெற்ற சிறுகோள்கள் 7 லட்சத்துக்கும் மேல். பேர் இருக்கிறது அதில் இருபதாயிரத்துச் சொச்சம்தான். மீதி எல்லாம் வெறும் நம்பரா சுத்திக்கிட்டு இருக்கு.

காசு கொடுத்து வாங்க முடியாது

‘ஒரு நட்சத்திரத்துக்கு உங்க காதலி பேரை வெச்சுத் தர்றோம்’ என்று சர்டிபிகேட் விக்கிற வெப்சைட்டுகளைப் பார்த்திருப்பீங்க. அந்தப் பேப்பருக்கு வானியலில் எந்த மதிப்பும் கிடையாது. சிறுகோள் பேரையும் காசுக்கு வாங்க முடியாது.

ஒரு காலத்தில் முடிஞ்சது. 1886-ல் வர இருந்த முழு சூரிய கிரகணத்தைப் பார்க்கப் போறதுக்குப் பணம் இல்லாம, வியன்னாவின் யோகான் பாலிசா ஒரு சிறுகோளின் பேர் வைக்கும் உரிமையை 50 பவுண்டுக்கு விற்பனைக்கு விட்டார். ரோத்சைல்ட் என்ற பெரும் பணக்காரக் குடும்பம் வாங்குச்சு. அந்த வீட்டு அம்மாவின் பேரில் 250-வது சிறுகோள் ‘பெட்டினா’ ஆச்சு. அதே பாலிசாதான் 244-வது சிறுகோளுக்கு நம்ம சீதையின் பேரை வெச்சவர். எந்தப் பணமும் வாங்காம ஒரு பேர், 50 பவுண்டுக்கு இன்னொரு பேர்.

இன்னைக்கு விதிகள் கறாரா இருக்கு. ரோமன் எழுத்தில் 16 எழுத்துக்கு மேல போகக்கூடாது. முடிஞ்சா ஒரே வார்த்தை. அதனாலதான் விஸ்வநாதன் ஆனந்த் பேரில் உள்ள 4538-வது சிறுகோள் ‘விஷிஆனந்த்’ என்று ஒட்டி எழுதப்பட்டிருக்கு. யாரையும் புண்படுத்தக் கூடாது. ஏற்கெனவே இருக்கிற பேர் மாதிரி இருக்கக் கூடாது. கம்பெனி விளம்பரம் கூடாது. வீட்டு நாய், பூனை பேர் வேண்டாம் என்று கேட்டுக்கிறாங்க. இதுக்குக் காரணம் 2309-வது சிறுகோள். அதைக் கண்டுபிடிச்சவர் ‘மிஸ்டர் ஸ்பாக்’ என்று பேர் வெச்சார். ஸ்டார் டிரெக் கதாபாத்திரத்தின் பேர்தானே என்று நினைப்பீங்க. அந்தப் பேர் வெச்சிருந்த அவரோட பூனையின் நினைவா வெச்சது அது!

எனக்கு ரொம்பப் பிடிச்ச விதி வேற. அரசியல், ராணுவத்தால் பேர் வாங்கினவங்க பேரை வைக்கணும்னா, அவங்க இறந்து 100 வருஷம் ஆகியிருக்கணும். பஸ் ஸ்டாண்டில் ஆரம்பிச்சு ஆடிட்டோரியம் வரைக்கும் பேர் மாத்தி மாத்தி வைக்கிற ஊர்ல இருந்து பார்த்தா இது எவ்வளவு நிம்மதியான விதி! 100 வருஷம் கழிச்சும் ஒருத்தரை ஊர் நினைச்சுப் பார்க்குதுன்னா, அவருக்கு ஒரு கல் என்ன, ரெண்டு கல் கொடுக்கலாம்.

இந்த விதி பழைய அனுபவத்தின் பாடம். 1801 ஜனவரி 1-ம் தேதி சிசிலித் தீவில் பியாஸி முதல் சிறுகோளைக் கண்டுபிடிச்சப்போ, ‘சீரிஸ் ஃபெர்டினாண்டியா’ என்று பேர் வெச்சார். சீரிஸ் ரோமானியரின் வேளாண் தேவதை, ஃபெர்டினாண்ட் அவரோட ராஜா. மத்த நாட்டுக்காரங்க ராஜாவைக் கழட்டி விட்டுட்டாங்க, தேவதை மட்டும் மிஞ்சினாள். 1850-ல் லண்டனில் ஹிண்ட் 12-வது சிறுகோளுக்கு ‘விக்டோரியா’ என்று வெச்சதும் அமெரிக்காவில் எதிர்ப்பு. உயிரோட இருக்கிற ராணி பேரை வைக்கலாமா என்று கேட்டாங்க. இது ரோமானிய வெற்றித் தேவதையின் பேர்தானே என்று அவர் சமாளிச்சார்.

நுங்கம்பாக்கத்தில் பிறந்த ஆசியா

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். சென்னை நுங்கம்பாக்கத்தில் வானிலை ஆய்வு மையம் இருக்கே, மழைக்கு லீவு உண்டா என்று நாம எல்லாரும் நவம்பரில் எட்டிப் பார்க்கிற அதே இடம். அங்கேதான் 1792 முதல் மெட்ராஸ் வானாய்வகம் இயங்குச்சு. 1861 ஏப்ரலில் அங்கிருந்து நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடிச்சார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள். அதனால் பேர் ‘67 ஆசியா’. கிரேக்கப் புராணத்திலும் ஆசியா என்று ஒரு தேவதை உண்டு, ரெண்டும் பொருந்திப் போச்சு.

அதோட நிக்கல. சாஃபோ, சில்வியா, கமிலா, வேரா என்று இன்னும் நாலு சிறுகோள்கள் நுங்கம்பாக்கத்திலிருந்தே கிடைச்சது. இதில் 1866-ல் கண்டுபிடிச்ச சில்வியாதான், ரெண்டு நிலாக்கள் கொண்ட சிறுகோள் என்று முதன்முதலில் 2005-ல் தெரிய வந்தது. இந்த ஊரின் ராத்திரி வானத்தில் பிடிபட்ட ஒண்ணு. இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆனா பேர்களைக் கவனிங்க. ஒரு கிரேக்கக் கவிஞர், ரோமானியப் புராணப் பெண்கள். தொலைநோக்கிக்குப் பின்னால் இருந்தவர் படிச்ச புத்தகங்களின் பேர்கள். அதே வானாய்வகத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்ற உதவியாளர் வேலை பார்த்தார். 1867-ல் ஒரு மாறொளிர் விண்மீனைக் கண்டுபிடிச்சவர். ராயல் வானியல் சங்கத்தில் உறுப்பினரான முதல் இந்தியர்.

போக்சனின் மகள் கதை இன்னும் விசித்திரம். அவர் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தப்போ கண்டுபிடிச்ச 42-வது சிறுகோள் ‘ஐசிஸ்’. அது மகள் எலிசபெத் ஐசிஸின் பேர். அந்தப் பெண் வளர்ந்து இதே மெட்ராஸ் வானாய்வகத்தில் உதவியாளரா உழைச்சார். 1886-ல் அவரை ராயல் வானியல் சங்கத்தில் சேர்க்க முன்மொழிஞ்சாங்க. பெண்களுக்கு இடமில்லை என்பதால் அது நின்னு போச்சு. 1920-லதான் உள்ளே விட்டாங்க. பேர் வானத்துல, ஆள் வாசல்ல.

‘குட்டி இளவரசன்’ கதையிலும் இதே விஷயம் வருது. பி612-ஐ முதலில் பார்த்த துருக்கி வானியலாளர் தன் ஊர் உடையில் வந்து சொன்னப்போ யாரும் நம்பல. ஐரோப்பிய கோட்டு போட்டு வந்து அதையே சொன்னதும் ஒத்துக்கிட்டாங்க. செந்த்-எக்சுபெரி அதைச் சும்மா எழுதிடல.

காவலூரில் நடந்தது

சந்திரசேகர் பேரில் இருக்கிற ‘1958 சந்திரா’ அர்ஜென்டினாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்டது. விஷிஆனந்த் ஜப்பானிலிருந்து. ரெண்டும் அடுத்தவங்க அன்பா நமக்குக் கொடுத்த பரிசு. சந்தோஷம்தான். கொலம்பியா விண்கல விபத்தில் இறந்த ஏழு பேருக்கும் 51823 முதல் 51829 வரை வரிசையா பேர் வெச்சாங்க. அதில் 51826 நம்ம கல்பனா சாவ்லா. ஏழு பேரையும் பிரிக்காம பக்கத்துப் பக்கத்து எண்ணில் வெச்ச மனசை மதிக்கணும்.

ஆனா ‘4130 ராமானுஜன்’ வேற ரகம். 1988 பிப்ரவரியில் ஜவ்வாது மலையில் இருக்கிற காவலூர் வானாய்வகத்தில் ஆர். ராஜமோகன் கண்டுபிடிச்சது. வேரா கிடைச்ச 1885-க்கும் இதுக்கும் நடுவில் 103 வருஷம். ஒரு காலத்தில் மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் கிளார்க் வேலை பார்த்த கணித மேதையின் பேர், தமிழ்நாட்டு மலை ஒன்றிலிருந்தே வானத்துக்குப் போச்சு. நுங்கம்பாக்கத்துக்கும் காவலூருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ரெண்டும் நம்ம வானம், ஆனா ரெண்டாவது தடவை தொலைநோக்கிக்குப் பின்னால் நம்ம ஆள் இருந்தார்.

ஹவாய் பசங்க செஞ்சது

‘சரி, ஒரு கல்லுக்குப் பேர் வெச்சு என்ன ஆகப்போகுது? பிளேஸ்மென்ட் கிடைக்குமா?’ நியாயமான கேள்வி.

ஹவாய் மொழியைப் பாருங்க. 1896-ல் அங்கே பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம்தான் பயிற்று மொழி என்று சட்டம் வந்தது. மொழி கிட்டத்தட்ட அழிவின் விளிம்புக்கே போச்சு. 1980-களில் ஹவாய் வழிக் கல்வியை மறுபடி தொடங்கினாங்க. உலகத்தின் முக்கியமான தொலைநோக்கிகள் பல அந்தத் தீவுகளின் மலைகளில்தான் இருக்கு. ‘எங்க மலையிலிருந்து கண்டுபிடிக்கிறதுக்கு எங்க மொழியில் பேர் வேணும்’ என்று ஒரு திட்டம் தொடங்கி, ஹவாய் வழியில் படிக்கிற பள்ளி மாணவர்களையே வானியலாளர்களோட உட்கார வெச்சாங்க. அப்படி வந்த பேர்தான் 469219-வது சிறுகோளின் ‘காமோஓஆலேவா’. ஊசலாடும் வான்துண்டு என்கிற மாதிரி அர்த்தம். பூமியோட கூடவே சுத்தி வர்ற அந்தக் கல்லின் போக்கை அப்படியே சொல்ற வார்த்தை.

2025 மே மாதம் சீனா ஏவிய தியான்வென்-2 விண்கலத்தின் இலக்கு அந்தச் சிறுகோள்தான். அதாவது சீனப் பொறியாளர்கள் ஒரு பசிபிக் தீவின் மொழியை நாக்கில் உருட்டிக்கிட்டுத்தான் மண் எடுக்கப் போறாங்க. ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நுழைய விடாத மொழி அது. பேருக்கு இவ்வளவு தூரம் போற சக்தி இருக்கு. இதை எந்தச் சம்பளப் பேக்கேஜிலும் எழுத முடியாது.

நாம என்ன பண்றோம்? நம்ம சிம்போசியத்துக்கு, கிளப்புக்கு, ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு வைக்கிற பேர்களை ஒரு தடவை வரிசையா எழுதிப் பாருங்க. பாதி கிரேக்கம், பாதி லத்தீன், கடைசியில் ஒரு ‘எக்ஸ்’. கையில் இருக்கிற உரிமையையே இப்படித்தான் செலவழிக்கிறோம். வானத்தில் தமிழ்ப் பேர் இல்லையே என்று ஸ்டேட்டஸ் போடறதுக்கு முன்னாடி இதை யோசிக்கலாம்.

சரி, வழி என்ன?

வழி இருக்கு, அதுவும் இலவசமா. சர்வதேச சிறுகோள் தேடல் கூட்டமைப்பு என்ற திட்டம் மாணவர் குழுக்களுக்கு ஹவாயின் பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கிப் படங்களை அனுப்புது. ஒரே இடத்தைச் சில நிமிட இடைவெளியில் எடுத்த படங்கள். அஸ்ட்ரோமெட்ரிகா என்ற சாஃப்ட்வேரில் போட்டு, நகர்ற புள்ளியைக் கண்டுபிடிச்சு அளந்து அனுப்பணும். இந்தியாவிலிருந்து பல பள்ளி, கல்லூரிக் குழுக்கள் ஏற்கெனவே செய்றாங்க.

ஒரு எச்சரிக்கை. முதல் கட்டத்திலேயே ஒரு சர்டிபிகேட் வரும். உடனே ‘சிறுகோள் கண்டுபிடித்த மாணவர்’ என்று ஃபிளெக்ஸ் அடிச்சுடாதீங்க. அது தொடக்கம்தான். சுற்றுப்பாதை உறுதியாகி எண் வர அஞ்சாறு வருஷம், அதுக்கு மேலயும் ஆகலாம். அதுக்குள்ள உங்க கடைசி அரியர்கூட கிளியர் ஆகியிருக்கும். பொறுமை இருக்கிறவங்களுக்குத்தான் இந்த வேலை.

இன்னொரு பக்கம், இந்தத் துறையே இப்போ நம்ம பாடப் புத்தகத்துக்குள்ள வந்துடுச்சு. சிலியில் இருக்கிற ரூபின் வானாய்வகம் 2025-ல் வெளியிட்ட முதல் படங்களில், ஏறக்குறைய 10 மணி நேர அவதானிப்பில் மட்டும் 2,104 புதிய சிறுகோள்கள் கிடைச்சது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கிற காலம் முடியுது. இனி கண்டுபிடிக்கிறது இமேஜ் பிராசஸிங், டேட்டா பைப்லைன், சுற்றுப்பாதைக் கணக்கு. 1801-ல் சீரிஸ் சூரிய வெளிச்சத்தில் மறைஞ்சு தொலைஞ்சு போனப்போ, அது எங்கே திரும்ப வரும் என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் 24 வயசு காஸ். மேத்ஸ் பேப்பரில் நம்மைப் பாடாப்படுத்துற அதே காஸ்தான். 1001-வது சிறுகோளுக்கு அவர் பேர். தொலைநோக்கியே இல்லாத ஒரு காலேஜ் ஹாஸ்டலில் உட்கார்ந்துகூட இன்னைக்கு அந்தக் கணக்கைப் போடலாம். அந்தக் குழுக்களில் நம்ம ஆட்கள் இருந்தாத்தான் பேர் வைக்கிற மேஜையில் நமக்கு ஒரு நாற்காலி.

அதுவரைக்கும் ஒரு பயிற்சி. ஒவ்வொரு பேரோடும் அது ஏன் வைக்கப்பட்டது என்று சில வரி விளக்கமும் சேர்த்துத்தான் அந்தக் குழு வெளியிடும். நீங்களும் ஒரு பேர் எழுதுங்க. ரோமன் எழுத்தில் 16-க்குள்ள அடங்கணும். நம்ம ‘ழ’வை எப்படி எழுதப் போறீங்கன்னு யோசிச்சுக்கோங்க. தலைவர்கள் வேண்டாம், பூனையும் வேண்டாம். உங்க ஊர் ஏரி, உங்க பாட்டி சொன்ன கதையில் வர்ற ஆள், ஒரு மீன், ஒரு நெல், இப்படி எதுவா வேணும்னாலும் இருக்கலாம். கூடவே நாலு வரியில், தமிழே தெரியாத ஒருத்தருக்குப் புரியிற மாதிரி, ஏன் இந்தப் பேர் என்று சொல்லுங்க. நம்ம இதழுக்கு அனுப்பி வைங்க, அடுத்த இதழில் போடுவோம். யாரோ ஒருத்தர் கையில் 10 வருஷம் கழிச்சு நிஜமாவே ஒரு எண் வரலாம். அன்னைக்கு உட்கார்ந்து பேர் யோசிக்க வேண்டியிருக்காது.